சட்டத்தரணியின் குறையைக் காட்டி மேன்முறையீடு செய்யலாமா?

கேள்வி: கொலைக் குற்றத்துக்காக என் தம்பிக்குப் போன வாரம் மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சம்பவ இரவில் அவன் வாழைச்சேனையில், ஒருவருடைய மீன் வாடியில் நின்றான். நீதிமன்றம் நியமித்த சட்டத்தரணி அந்த வாடிக்காரரைச் சாட்சியாக அழைக்கவே இல்லை. இதைச் சொல்லி மேன்முறையீடு செய்யலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: செய்யலாம், சகோதரி, ஆனால் முதலில் நாட்களை எண்ணுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு அதே மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் சேர வேண்டும். சிறையில் இருப்பவர் அந்தக் காலத்துக்குள் சிறை அதிகாரிகளிடம் வாய்மொழியாகவோ எழுத்திலோ உரிய விபரங்களுடன் அறிவித்தாலும் போதும். எனவே புதிய சட்டத்தரணியைத் தேடி அலையுமுன், தம்பியைப் பார்த்து இதைச் சொல்லுங்கள்.

'சட்டத்தரணி சரியில்லை' என்ற வாதத்துக்கு மட்டும் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் இலகுவில் இசையாது. எந்தச் சாட்சியை அழைப்பது என்பதைச் சட்டத்தரணியின் தீர்மானமாகவே பொதுவாகக் கொள்வார்கள். தரப்பினரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறவும் காரணமாகாத குறைக்காகத் தீர்ப்பை மாற்றலாகாது என்று அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையும் சொல்கிறது. ஆகவே அந்தக் குறையால் 13(3)ஆம் உறுப்புரை தரும் நியாயமான விளக்கம் (வழக்கு விசாரணை) தம்பிக்குக் கிடைக்காமற் போனதை வழக்கேட்டிலிருந்தே காட்ட வேண்டும்.

இங்கே எல்லாம் பொலிஸ் வாக்குமூலத்தில் தங்கியிருக்கிறது. வேறிடத்தில் இருந்ததாகச் சொல்லும் எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) அதைப் பொலிஸாரிடம் அப்போதே கூறியிருக்க வேண்டும், அல்லது விளக்கம் தொடங்குவதற்கு 14 நாட்களுக்கு முன்னராவது சட்டமா அதிபருக்கு அறிவித்திருக்க வேண்டும் என்பது அதே சட்டக்கோவையின் 126அ பிரிவின் பொது விதி. தம்பி வாடியைப் பற்றி வாக்குமூலத்தில் சொல்லியிருந்தும் சாட்சி அழைக்கப்படவில்லை என்றால், உங்கள் பக்கம் கனமாகும். சொல்லவே இல்லையென்றால், அவர் சட்டத்தரணியிடம் எப்போது சொன்னார், அவர்கள் எத்தனை தடவை சந்தித்தார்கள் என்ற கேள்விகள் எழும்.

யூரி (நடுவர் குழு) முன்னிலையில் விளக்கம் வேண்டுமா என்று தம்பியிடம் கேட்டதற்கு வழக்கேட்டில் பதிவுண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத வழக்குகளில் மீள்விளக்கத்துக்குக் கட்டளையிடப்பட்டதுண்டு.

அரசியலமைப்பின் 139(2)ஆம் உறுப்புரையின் கீழ் புதிய சாட்சியத்தை மேன்முறையீட்டில் ஏற்கவும் முடியும், ஆயினும் அன்றே கிடைக்கக்கூடியதாயிருந்த சாட்சி ஏன் வரவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். பணவசதி இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடுங்கள். வாடிக்காரரிடம் இப்போதே ஒரு சத்தியக்கடதாசி பெற்றுவையுங்கள். மேன்முறையீடு வென்றாலும் விடுதலைக்குப் பதில் மீள்விளக்கமே வரலாம், அன்று அவர் மன்றுக்கு வரவேண்டியிருக்கும்.