சட்டம் கேளுங்கள்: அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 27. சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி வைத்து, சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கமுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் லோடு ஓட்டுகிறேன். சென்ற சீசனில் சர்வீஸ் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, தவறான பக்கத்தில் எதிரே வந்த பைக் ஒன்று என் வண்டியின் முன்புறத்தில் மோதியது. பைக் ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. 108 ஆம்புலன்சை அழைத்ததும் நான்தான். ஆனாலும் என் மீது 281, 125(பி) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, இப்போது சம்மன் வந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் எனக்கு உண்டு. நான் என்ன செய்வது? (வாசகர், காரிமங்கலம்)

பதில்: தம்பி, வழக்கின் ஆவணங்களைப் படித்துப் பார்க்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். அபராதத் தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் நீங்கள் ஒப்புக்கொள்வது ஒரு தண்டனைத் தீர்ப்பாகப் பதிவாகிறது. அதன் அடிப்படையில் ஓட்டுநர் உரிமத்தைத் தகுதியிழக்கச் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; அரசு வேலைக்கான நன்னடத்தை விசாரணையில் அது வெளிப்படும்; காயமடைந்தவர் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும்போது, கவனக்குறைவு உங்களுடையது என்பதற்கு உங்கள் வாக்குமூலமே சாட்சியாக நிற்கும். ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்துவதற்காக இவ்வளவையும் இளைஞர்கள் இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுச் சாலையில் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ வாகனம் ஓட்டுவதைப் பற்றியது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 125(பி) என்பது அவ்வகைச் செயலால் கொடுங்காயம் ஏற்படுவதைக் குறிக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயமே. இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள் என்பதால் கைதைப் பற்றிய அச்சம் தேவையில்லை. சம்மனில் குறித்த நாளில் மட்டும் தவறாமல் ஆஜராகிவிடுங்கள். வராமல் இருந்துவிட்டால் பிடிவாரண்டு வரும்.

உங்கள் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி அதில் இருக்கும். நான் படித்த விபத்து வழக்குகள் பெரும்பாலானவற்றில் இதே வரிதான், சொல் மாறாமல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1998இல் கர்நாடக அரசுக்கும் சதீஷ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், 'அதிவேகம்' என்று சாட்சி சொல்வது மட்டும் போதாது, அந்தச் சூழலில் அதிவேகம் என்று அவர் எதைக் குறிப்பிடுகிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், விபத்து நடந்துவிட்டது என்பதாலேயே ஓட்டுநரின் கவனக்குறைவை ஊகித்துக்கொள்ளக் கூடாது என்று கூறியது. அதற்கு முன்பே 1979இல் சையத் அக்பர் வழக்கில், சாலையின் குறுக்கே திடீரென்று ஓடிய குழந்தை மீது பேருந்து மோதியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஓட்டுநரை அதே நீதிமன்றம் விடுவித்தது. ஆகவே நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பினுடையது.

குற்றப்பத்திரிகையுடன் ஆவணங்களின் நகல்கள் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதும் பார்வை மகஜரும் அதனோடு இணைந்த மாதிரி வரைபடமும்தான். வண்டிகள் எந்தப் பக்கம் நின்றன, கண்ணாடித் துண்டுகள் எங்கே சிதறியிருந்தன, பிரேக் போட்ட டயர்த் தடம் எவ்வளவு நீளம், சாலையின் அகலம் என்ன என்ற விவரங்களெல்லாம் அதில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பைக் தவறான பக்கம் வந்தது என்பதைப் பல நேரங்களில் காவல் துறையின் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, நேரடிச் சாட்சிகளின் வாக்குமூலங்களைப் படியுங்கள். "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்" என்று சொல்லும் சாட்சி, மோதிய பிறகு நடந்ததைப் பார்த்தவரே தவிர நீங்கள் ஓட்டி வந்ததைப் பார்த்தவர் அல்லர். குறுக்கு விசாரணையில் உங்கள் வழக்கறிஞர் அழுத்திக் கேட்க வேண்டிய இடம் இது. சாலையோரக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கேமரா இருந்திருந்தால், சில வாரங்களில் பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால், அது இன்னும் இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். கிடைத்தால், மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது ஏற்கப்படாமல் போகக்கூடும்.

இந்த இடத்தில் ஒன்றை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எதிரே வந்தவர் தவறு செய்தார் என்பது மட்டுமே உங்களை விடுவித்துவிடாது. குற்ற வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது, காயத்துக்கு நேரடியான, உடனடியான காரணம் உங்கள் கவனக்குறைவா என்பதைத்தான். அந்த நேரத்தில் நீங்கள் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றாலோ, தூக்கக் கலக்கத்தில் இருந்தீர்கள் என்றாலோ, அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாத உண்மை சாட்சிக் கூண்டில் வெளிப்பட்டால், அதன் பிறகு அவரால் செய்யக்கூடியது குறைவு.

125(பி) பிரிவின் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டது என்பதால், ஆவண நகல்கள் கிடைத்த 60 நாளுக்குள் வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரி மனு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மருத்துவச் சான்றும் ஒரு நேரடிச் சாட்சியும் இருக்கும் வழக்கில் அம்மனு வெற்றி பெறுவது கடினம். உங்கள் உழைப்பைக் குறுக்கு விசாரணைக்குச் சேமித்து வையுங்கள் என்பதே என் கருத்து. சாட்சிகள் முடிந்ததும் நடுவர் உங்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்பார். அப்போது பெரும்பாலான ஓட்டுநர்கள் "பொய்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் சென்றீர்கள், பைக்கை எந்த இடத்தில் பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைச் சுருக்கமாகவாவது சொல்லுங்கள். எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம்.

காயமடைந்தவர் மனமுவந்து சம்மதித்தால், நீதிமன்ற அனுமதியோடு 125(பி) பிரிவைச் சமரசம் செய்துகொள்ளலாம். ஆனால் சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் 281 இல்லை. எனவே முழு வழக்கையும் ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். சமரசம் பேசப் போகிறவர்கள் அவரை எந்த வகையிலும் மிரட்டக் கூடாது. அது புதிய வழக்காகிவிடும். வேலை விண்ணப்பத்தில் நிலுவை வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காமல் குறிப்பிடுங்கள். வழக்கை மறைத்ததற்காகவே வேலை இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் முன்னால் சென்ற கார் மீது மோதி ஒருவர் இறந்துவிட்டார். பத்து ஆண்டு சிறை என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. லாரி முதலாளியே வக்கீல் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். (வாசகி, நல்லம்பள்ளி)

பதில்: அம்மா, அந்தப் பத்து ஆண்டு என்பது, விபத்துக்குப் பின் தகவல் தராமல் தப்பி ஓடுவோருக்கான, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)ஆம் பிரிவு. மற்ற பிரிவுகள் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தபோது அது நிறுத்தி வைக்கப்பட்டது. உங்கள் கணவர் தப்பி ஓடவும் இல்லை என்றால், அவர் மீது வரக்கூடியது, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 106(1). அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். அதுவும் ஜாமீனில் விடத்தக்கதே.

பிரேக் செயலிழந்தது என்பது நல்ல எதிர்வாதம்தான். ஆனால் வாயால் சொன்னால் போதாது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை அநேகமாக "இயந்திரக் கோளாறு காரணமல்ல" என்று சொல்லும். மோதலில் பிரேக் குழாய் உடைந்துபோன வண்டியை ஓட்டிச் சோதிக்காமல் எப்படி அம்முடிவுக்கு வந்தார் என்று அவரைக் கேட்க வேண்டும். வண்டியைப் பராமரித்த ரசீதுகளும் எடைமேடைச் சீட்டும் வேண்டும். அதிகப் பாரம் ஏற்றியிருந்தால் அந்தச் சீட்டு எதிராகவே திரும்பும். டீசல் மிச்சத்துக்காக நியூட்ரலில் இறக்கினாரா என்று அரசுத் தரப்பு கட்டாயம் கேட்கும். சேலம் நோக்கிய நீண்ட இறக்கத்தில் கியர் பிடிக்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால், டிரம் சூடேறிப் பிரேக் வலுவிழந்துவிடும் என்பது அனுபவமுள்ள ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டியது என்பார்கள்.

முதலாளி வைக்கும் வக்கீல் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லியும் முதலாளி செய்யவில்லை என்பதே உங்கள் கணவரின் உண்மை என்றால், முதலாளியின் வக்கீல் அதை எப்படி வாதிடுவார்? தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளுங்கள். வசதி இல்லையென்றால் தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் கட்டணமின்றி வழக்கறிஞரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: விபத்தில் என் மகன் கால் இழந்தான். ஓட்டுநரை நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இனி இழப்பீடும் கிடைக்காதா? (வாசகர், பர்கூர்)

பதில்: கிடைக்கும். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் ஓட்டுநருக்குப் போகிறது. தீர்ப்பாயமோ எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்ற அளவில் சாட்சியத்தை எடைபோடுகிறது. விடுதலைத் தீர்ப்பு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அந்த விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் உங்கள் மகனுக்கு உரிமை உண்டு. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, ஊனச் சான்று, மருத்துவமனை ரசீதுகள், விபத்துக்கு முன் அவர் ஈட்டிய வருமானத்துக்கான ஆதாரம் ஆகியவற்றோடு, இன்னும் மனு செய்யவில்லையென்றால் காலம் கடத்தாமல், இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.