மக்ரம் உபைத் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எகிப்தின் 1919 புரட்சி பற்றிய கட்டுரையில், அந்நாட்டின் பூர்வீகக் கிறித்தவர்களான காப்டிக்குகளில் ஒருவரான அரசியல் தலைவர் மக்ரம் உபைதை உயர்வாக எழுதியிருந்தீர்கள். பிறகு தேடிப் படித்தேன். தன்னை வளர்த்த, விடுதலைக்காகப் போராடிய வஃப்து கட்சியின் தலைவருக்கு எதிராக, மன்னரின் அரண்மனையின் துணையோடு, ஊழல்களைப் பட்டியலிட்டு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 'எங்களிடமும் ஒரு கிறித்தவர் உண்டு' என்று கட்சி காட்டிக்கொள்ள வைத்திருந்த ஆள், கடைசியில் விலைபோய்விட்டார் என்றே எனக்குப் படுகிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

காட்சிக்கு வைத்த ஆள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1889இல் நாட்டின் தெற்குப் பகுதியான மேல் எகிப்தின் கெனாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர் மக்ரம். பிரிட்டிஷ் ஆட்சியோடு ஒத்துப்போயிருந்தால் பெரிய பதவியில் சுகமாக இருந்திருக்கலாம். அவரோ வஃப்தின் நிறுவனத் தலைவர் சாத் ஸக்லூலின் பின்னால் போய், அவரோடு சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1927இல் ஸக்லூல் இறந்து முஸ்தஃபா நஹ்ஹாஸ் தலைவரான பிறகு, நாட்டின் மிகப்பெரிய கட்சிக்குப் பதினைந்து ஆண்டுகள் பொதுச்செயலாளர். பலமுறை நிதியமைச்சர். முஸ்லிம்கள் பெரும்பான்மையான கூட்டங்களில் குர்ஆன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி முழங்கிய பேச்சாளர். மதத்தால் கிறித்தவன், தாய்நாட்டால் முஸ்லிம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். 1930களின் இறுதியில் எதிரிகள் 'வஃப்து காப்டிக்குகளின் பிடியில் இருக்கிறது' என்று மதவெறியைக் கிளப்பியதே அவருடைய கையில் உண்மையான அதிகாரம் இருந்ததால்தான். பொம்மையைக் கண்டு யாரும் அப்படிப் பதற மாட்டார்கள்.

புத்தக விவகாரம் அத்தனை எளிதல்ல. 1942 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் டாங்கிகள் அப்தீன் அரண்மனையைச் சூழ்ந்து நின்று, நஹ்ஹாஸைப் பிரதமராக்கும்படி ஃபாரூக் மன்னரைப் பணியவைத்தன. ஆங்கிலேயரை எதிர்த்தே வளர்ந்த கட்சி அவர்களுடைய டாங்கியின் நிழலில் ஆட்சிக்கு வந்தது. அந்த அமைச்சரவையில் மக்ரமும் சேர்ந்தார். அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் நஹ்ஹாஸின் மனைவி வழி உறவினர்கள் சலுகைகளுக்காக வந்து நின்றபோது நிதியமைச்சராக அவர் மறுத்தார். சில மாதங்களில் அமைச்சரவையிலிருந்தும் கட்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1943இல் வெளிவந்த 'கறுப்புப் புத்தகம்' ஒரு வழக்கறிஞரின் குற்றப்பத்திரிகை. போர்க்காலத் தணிக்கையை மீறி ரகசியமாக அச்சிடப்பட்டது. அதற்காக நாடாளுமன்றப் பதவியை இழந்தார், பிறகு சிறையும் சென்றார். விலைபோனவர்கள் இப்படித் தண்டனை அனுபவிப்பதில்லை.

ஆனாலும் ஆர்., உங்கள் கோபத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தக் குற்றப்பத்திரிகையை அவர் மன்னரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வஃப்தை ஒழிக்கத் தருணம் பார்த்துக்கொண்டிருந்த அரண்மனை அதைக் கொண்டாடியது. 1944 அக்டோபரில் மன்னர் நஹ்ஹாஸைப் பதவிநீக்கம் செய்தார். மக்ரம் சிறையிலிருந்து வெளியே வந்து மீண்டும் நிதியமைச்சரானார். சொன்ன குற்றங்களில் நியாயம் இருந்தது, போய் நின்ற வாசல் தவறு. மக்களிடம் போயிருக்க வேண்டிய வழக்கு அது. அவர் தொடங்கிய தனிக்கட்சி வஃப்தின் உயரத்தை ஒருபோதும் எட்டவில்லை.

ஆனால் அஞ்சாதவர். 1949இல் முஸ்லிம் சகோதரத்துவத் தலைவர் ஹசன் அல்-பன்னா கொல்லப்பட்டபோது, இறுதிச்சடங்குக்கு ஆண்கள் யாரையும் காவல்துறை நெருங்கவிடவில்லை. தடையை மீறிச் சென்ற ஒரே அரசியல் தலைவர் என்று எகிப்தியர்கள் இன்றும் சொல்வது இந்தக் கிறித்தவரைத்தான்.

வஃப்து உடைந்ததில் காப்டிக்குகள் இழந்தது மிக அதிகம். தெருவில் இறங்கி வாக்குக் கேட்டு முஸ்லிம்களின் வாக்கில் வெல்லக்கூடிய ஒரு மேடை அவர்களுக்கு அங்கே இருந்தது. 1953இல் ராணுவ ஆட்சி எல்லாக் கட்சிகளையும் கலைத்தது. தேர்தலில் காப்டிக்குகள் வெல்வது அரிதாகிப்போக, 1964இன் அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குப் பத்து உறுப்பினர்கள் வரை ஜனாதிபதியே நியமிக்கலாம் என்றது. காப்டிக்குகள் பெரும்பாலும் அந்த வழியாகவே அவைக்குள் வந்தார்கள். 'எங்களிடமும் ஒரு கிறித்தவர் உண்டு' என்று நீங்கள் எழுதிய வாக்கியம் அந்தக் காலத்துக்குத்தான் பொருந்தும். மக்ரம் 1961இல் இறந்தார்.