குரூப் 4 கிடைச்சிருக்கு, சேரட்டுமா வேண்டாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடிச்சு மூணு வருஷமாச்சு சார். டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4ல பாஸாகி ஜூனியர் அசிஸ்டென்ட் கவுன்சிலிங்குக்கு கூப்பிட்டிருக்காங்க. ஆனா என் கனவு குரூப் 1 எழுதி டெபுடி கலெக்டர் ஆகறது. கூட படிக்கிற பசங்க, "பத்தாவது தகுதி வேலைக்கு டிகிரி முடிச்ச நீ போனா அங்கயே தேங்கிடுவ, முழு நேரமா குரூப் 1 படி"ன்னு சொல்றாங்க. அம்மா போய் சேருன்னு அழறாங்க. என்ன பண்றது?
– பெயர் வேண்டாம், திருவண்ணாமலை

பதில்: சேருங்க தம்பி. இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல. குரூப் 1 எழுத பொதுப் பிரிவுக்கே 34 வயசு வரைக்கும் இருக்கு, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்கு 39, உங்களுக்கு காலம் நிறைய கிடக்கு. ஆனா அந்த நோட்டிஃபிகேஷன் எப்ப வரும், எத்தனை போஸ்ட் வரும்னு யார் கையிலயும் இல்ல, அதை நம்பி கைல வந்த வேலைய விட்டுட்டு வீட்ல காசு கேட்டு கேட்டு படிக்கிறது மனசை எவ்வளவு அரிக்கும்னு நிறைய பசங்ககிட்ட பாத்திருக்கேன். ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு அடிப்படை சம்பளம் 19,500ல ஆரம்பிக்குது, அதுக்கு மேல அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. டெபுடி கலெக்டருக்கு 56,100ல ஆரம்பம், வித்தியாசம் பெருசுதான், ஒத்துக்கறேன். ஆனா உங்க சொந்த சம்பளத்துல புக் வாங்கி படிக்கிற தைரியம் வேற.

தேங்கிடுவன்னு சொல்றாங்களே, அதுக்கு வரேன். தேங்குறவங்க இருக்காங்க, ஆனா அதுக்கு காரணம் குரூப் 4 இல்ல, சேர்ந்த அப்புறம் டிபார்ட்மென்ட் டெஸ்ட்ட (ப்ரமோஷனுக்கு வேண்டிய துறைத் தேர்வு) எழுதாம அடுத்த தடவ பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுறதுதான். வருஷத்துக்கு ரெண்டு தடவ டிஎன்பிஎஸ்சியே நடத்துது. அலுவலக நடைமுறை நூல், அக்கவுன்ட் டெஸ்ட், அதுபோக உங்க துறைக்குன்னு தனி பேப்பர் இருக்கும். சேர்ந்த முதல் வருஷமே அப்ளை பண்ணிடுங்க, ஏன்னா அசிஸ்டென்ட் ப்ரமோஷனுக்கு பேனல் (ப்ரமோஷன் பட்டியல்) போடும்போது நீங்க சீனியரா இருந்தாலும் டெஸ்ட் முடிக்கலைன்னா முடிச்ச ஜூனியர் உங்களைத் தாண்டிப் போயிடுவார், அப்புறம் அந்த இடத்தை பிடிக்கிறது ரொம்ப கஷ்டம். பவானிசாகர்ல அரசு ஊழியர்களுக்கு நடக்குற அடிப்படைப் பயிற்சிக்கு பேர் வந்தாலும் காரணம் சொல்லி தள்ளாதீங்க, அதுவும் ப்ரமோஷனுக்கு வேணும்.

கவுன்சிலிங்ல வீட்டுக்கு பக்கமா இருக்குன்னு மட்டும் பாத்து துறைய எடுத்துடாதீங்க. டெபுடி கலெக்டர் கனவுன்னா வருவாய்த்துறை கிடைச்சா எடுங்க. ஜூனியர் அசிஸ்டென்ட், அசிஸ்டென்ட், நடுவுல ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வேலை, அப்புறம் துணை வட்டாட்சியர், தாசில்தார், அதுக்கு மேல டெபுடி கலெக்டர்னு ஏணி அந்தத் துறைக்குள்ளயே இருக்கு. குரூப் 1 கைகூடலைன்னாலும் அந்த வழி திறந்தே இருக்கும், மெதுவா போகும் அவ்வளவுதான். மாநிலத்துல ஐஏஎஸ் பதவிகள்ல மூணுல ஒரு பங்கு ப்ரமோஷன்லதான் நிரப்புறாங்க, அதுல பெரும்பாலானவங்க டெபுடி கலெக்டரா இருந்து மேல வந்தவங்கதான். ஆனா ஒண்ணு, எலெக்‌ஷன், வெள்ளம், புயல்னா ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ்தான், அந்த சமயத்துல படிப்பு நிக்கும், அதுக்கு மனசை தயார் பண்ணிக்கணும். இன்னொண்ணு, சேர்ந்த கொஞ்ச நாள்லயே சொந்த மாவட்டத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் கேட்டு எழுதி கொடுக்காதீங்க, சொந்த விருப்பத்துல மாவட்டம் மாறினா அங்க இருக்கற சீனியாரிட்டி லிஸ்ட்ல கடைசி ஆளாத்தான் உக்காருவீங்க.

சீட்ல உக்காந்ததும் உங்களுக்குன்னு ஒரு தன்பதிவேடு வரும். தபால் வந்தா அதுல பதிஞ்சு, ந.க.எண் (அந்தத் தபாலுக்கான கோப்பு எண்) கொடுத்து, என்ன கேக்குறாங்க, எந்த அரசாணை பொருந்தும், முன்னாடி இதே மாதிரி என்ன முடிவு எடுத்தாங்கன்னு சுருக்கமா நோட் போட்டு மேல அனுப்பணும். சும்மா "ஆணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது"ன்னு ஒரு வரி எழுதி தள்ளிவிடுறவங்க உண்டு, நீங்க அப்படி பண்ணாதீங்க. ஒரு முதியோர் உதவித்தொகை மனுவை எடுத்துக்கங்க, எந்த விதியில தகுதி, எந்த ஆவணம் குறையுதுன்னு நீங்க தெளிவா எழுதினா அந்தப் பாட்டி இன்னொரு தடவ பஸ் ஏறி வர வேண்டாம். இதுதான் வேலையே. அதோட குரூப் 1 மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) முழுக்க விரிவா எழுதற தேர்வு, தினம் பத்து நோட் போட்டு கை பழகினவங்களுக்கு விஷயத்தை கோர்வையா சொல்ல வந்துடும், கோச்சிங்ல கூட இது கிடைக்காது. வேற தேர்வு எழுதறப்ப ஆபீஸ்ல முறைப்படி தெரிவிச்சு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிக்கங்க, மறைச்சு எழுதி அப்புறம் சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்க வேண்டாம்.

கேள்வி: ஒண்ணாம் வகுப்புல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ் மீடியம். ஐஏஎஸ் தமிழ்ல எழுதலாமா? கோச்சிங்குக்கு பணம் இல்ல.
– வாசகி, தர்மபுரி

பதில்: மெயின்ஸ் தமிழ்ல எழுதலாம்மா, இன்டர்வியூவும் தமிழ்ல பேசலாம், தமிழ் இலக்கியத்தையே 500 மார்க் விருப்பப் பாடமா எடுக்கலாம். சிக்கல் முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸ்ல, கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் மட்டும்தான் வரும். அதனால இங்கிலீஷ் படிச்சு புரிஞ்சுக்கற அளவுக்கு இப்பவே தினம் பேப்பர் படிங்க, மெயின்ஸ்லயும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் பாஸ் பண்ணியாகணும். தமிழக அரசோட நான் முதல்வன் திட்டத்துல தேர்வு வெச்சு 1,000 பேரை எடுத்து பிரிலிம்ஸ் படிக்க மாசம் 7,500 ரூபா 10 மாசத்துக்கு தர்றாங்க, அதை கண்டிப்பா எழுதுங்க. அதோட டிஎன்பிஎஸ்சியையும் விடாதீங்க, முழுக்க தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு அங்க 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு. படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் காலேஜ்லயும் போய் தமிழ் வழிச் சான்றை இப்பவே வாங்கி வெச்சுடுங்க, கடைசி நேரத்துல ஹெட்மாஸ்டரை தேடி ஓட முடியாது.

கேள்வி: எனக்கு 40 வயசு, பிசி, பி.காம். எல்லாம் முடிஞ்சு போச்சா?
– வாசகர், கரூர்

பதில்: குரூப் 1ம், ஐஏஎஸ்க்கான யூபிஎஸ்சி தேர்வும் முடிஞ்சுது சார், அதை மறைக்க மாட்டேன். ஆனா குரூப் 2, 2ஏல பெரும்பாலான போஸ்ட்டுக்கு உங்க பிரிவுல வயசு வரம்பே கிடையாது. அடுத்த நோட்டிஃபிகேஷன்ல போஸ்ட் வாரியா வயசு கட்டத்தை பாத்துட்டு அப்ளை பண்ணுங்க.