ஜெர்மன் வாக்கியத்தில் வினை எங்கே நிற்கும்?

கேள்வி: 'இன்று நான் ஜெர்மன் படிக்கிறேன்' என்பதை 'ஹொய்ட்டெ இஷ் லேர்னெ டொய்ச்' என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். சொற்கள் எல்லாம் சரிதானே?

பதில்: சொற்கள் சரி, வரிசைதான் தவறு. சாதாரண ஜெர்மன் வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாம் இடத்தை விட்டு நகராது. 'ஹொய்ட்டெ' (இன்று) முதலில் வந்துவிட்டால் 'இஷ்' (நான்) வினைக்குப் பின்னால் போக வேண்டும்: 'ஹொய்ட்டெ லேர்னெ இஷ் டொய்ச்'. எழுவாயை எப்போதும் வினைக்கு முன்பே வைக்கும் ஆங்கிலப் பழக்கம் இங்கே குறுக்கிடுகிறது.

இரண்டாம் இடம் என்றால் இரண்டாவது சொல் என்று எண்ணிவிடாதீர்கள். 'மோர்கன் உம் ஆஹ்ட் ஊர் ஃபாரெ இஷ் நாஹ் பெர்லின்' (நாளை எட்டு மணிக்கு பெர்லின் போகிறேன்) என்பதில் வினை ஐந்தாவது சொல். முதல் நான்கும் சேர்ந்து 'எப்போது' என்ற ஒரே கேள்விக்கு விடை என்பதால் அவை ஓரிடம்தான். அதே இடத்தில் 'எப்போது', 'எதில்' என்று இரண்டு விடைகளை அடுக்கினால் பிழை.

இதற்குத் துண்டுச் சீட்டுப் பயிற்சியை மிஞ்ச எதுவுமில்லை. 'இஷ்', 'ஃபாரெ', 'மோர்கன்', 'மிட் டேம் ட்சூக்' (ரயிலில்), 'நாஹ் பெர்லின்' என ஐந்து சீட்டுகள் எழுதுங்கள். 'ஃபாரெ' சீட்டை இரண்டாவதாக வைத்து அதைத் தொடாதீர்கள். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக முதலிடத்துக்குக் கொண்டுவந்து உரக்கப் படியுங்கள். 'இஷ்' முதலில் இல்லாதபோதெல்லாம் அது 'ஃபாரெ'யை ஒட்டி அடுத்து வர வேண்டும். நான்கு சரியான வாக்கியங்கள் கிடைக்கும். பொருள் ஒன்றே, அழுத்தம் மட்டும் மாறும்.

கேள்வி: தமிழில் வினை கடைசியில் வரும். ஜெர்மன் கற்க இது இடைஞ்சலா?

பதில்: இடைஞ்சல் இல்லை, பெரிய வசதி. பலர் ஆங்கிலம் வழியாக யோசித்து இந்த வசதியைக் கைநழுவ விடுகிறார்கள். 'நான் நாளை ரயிலில் பெர்லினுக்குப் போகிறேன்' என்பதைப் பாருங்கள். காலம், விதம், இடம் என்ற ஜெர்மன் வரிசை அப்படியே இருக்கிறது. கடைசியில் உள்ள 'போகிறேன்' மட்டும் இரண்டாம் இடத்துக்கு வந்தால் போதும்: 'இஷ் ஃபாரெ மோர்கன் மிட் டேம் ட்சூக் நாஹ் பெர்லின்'.

வினை இரண்டு துண்டாக இருந்தால் எழுவாய்க்கேற்ப மாறும் துண்டு மட்டுமே இடம்பெயரும்; மற்றது கடைசியிலேயே நிற்கும். 'நான் ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறேன்': 'இஷ் ஹாபெ ஐன் பூஹ் கெகவுஃப்ட்'. 'வாங்கி' கடைசியில், 'இருக்கிறேன்' இரண்டாம் இடத்தில். 'வேண்டும்', 'முடியும்' போன்ற துணைவினைகளுக்கும் இதே வழி. ஆங்கில வாடையில் 'இஷ் ஹாபெ கெகவுஃப்ட் ஐன் பூஹ்' என்பதுதான் தொடக்க நிலையில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

கேள்வி: 'வைல்', 'டென்' இரண்டுக்கும் 'ஏனென்றால்' என்றே பொருள். ஒன்றில் மட்டும் வினை கடைசிக்கு ஓடுவது ஏன்?

பதில்: 'வைல்' துணை வாக்கியத்தை, அதாவது தனியே நிற்காமல் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து வருவதை, தொடங்கும் சொல். அது முன்னால் வந்ததும் வினை இடம்பெயராமல் தமிழில் போலக் கடைசியில் தங்கிவிடும்: 'இஷ் ப்ளைபெ ட்சு ஹவுஸெ, வைல் இஷ் க்ராங்க் பின்' (உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருக்கிறேன்). 'டஸ்' (என்று), 'வென்' (-ஆல், -போது), 'ஓப்' (-ஆ என்று), 'ஓப்வோல்' (இருந்தாலும்) ஆகியவையும் இந்த வகை. 'டென்', 'உண்ட்' (மற்றும்), 'ஆபர்' (ஆனால்), 'ஓடர்' (அல்லது), 'ஸோண்டர்ன்' (அதுவல்ல, மாறாக) ஐந்தும் வெறும் இணைப்புகள், இடக்கணக்கில் சேரா. எனவே 'டென் இஷ் பின் க்ராங்க்'.

பேச்சில் ஜெர்மானியர்களே 'வைல்'லுக்குப் பின் வினையை இரண்டாம் இடத்தில் வைப்பதைக் கேட்கலாம். தேர்வுத்தாளில் அதை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 'மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்' என்று துணை வாக்கியத்தை முதலில் சொல்வதே நம் வழக்கம். அப்போது அந்தத் துணை வாக்கியம் முழுவதும் முதலிடம்; காற்புள்ளி முடிந்ததும் வினைதான் வர வேண்டும்: 'வென் எஸ் ரேக்னெட், ப்ளைபெ இஷ் ட்சு ஹவுஸெ'. காற்புள்ளிக்கு இருபுறமும் வினை நிற்கிறதா என்று பார்த்தாலே பிழை பிடிபடும்.

கேள்வி: அகராதியில் 'அன்ரூஃபன்' என்று ஒரே சொல். வாக்கியத்தில் ஏன் உடைகிறது?

பதில்: தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் இந்த வினை பிரியக்கூடியது. 'ரூஃபெ' இரண்டாம் இடத்துக்குப் போக, 'அன்' கடைசியில் தங்கும்: 'இஷ் ரூஃபெ டிஷ் மோர்கன் அன்'. ('டிஷ்' (உன்னை) போன்ற மூவிடப்பெயர்கள் வினைக்கு அருகில், காலச் சொல்லுக்கும் முன்னால் வரும்.) துணைவினை வந்தால் உடையாது: 'இஷ் முஸ் டிஷ் மோர்கன் அன்ரூஃபன்' (நாளை உன்னை அழைக்க வேண்டும்). 'வைல்' வந்தாலும் ஒட்டியே இருக்கும்: 'வைல் இஷ் டிஷ் மோர்கன் அன்ரூஃபெ'. வாசிக்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்க்காமல் அகராதியைத் திறக்காதீர்கள்; 'ரூஃபன்' என்று மட்டும் தேடினால் 'கூப்பிடு, கத்து' என்ற பொருளோடு திரும்புவீர்கள்.

கேள்வி: மறுப்புச் சொல்லான 'நிஷ்ட்' (இல்லை) எங்கே வரும்?

பதில்: முழு வாக்கியத்தையும் மறுத்தால் கடைசிப் பக்கம்: 'இஷ் கவுஃபெ டஸ் பூஹ் நிஷ்ட்' (நான் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை; இந்த 'டஸ்' பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் வேறு சொல்). கடைசியில் வினைத்துண்டு இருந்தால் அதற்கு முன்: 'இஷ் ஹாபெ டஸ் பூஹ் நிஷ்ட் கெகவுஃப்ட்'. போகும் இடத்துக்கும் பண்புச் சொல்லுக்கும் முன்னால்: 'இஷ் ஃபாரெ நிஷ்ட் நாஹ் பெர்லின்', 'டஸ் இஸ்ட் நிஷ்ட் கூட்' (அது நன்றாக இல்லை).