சிவப்பு மருந்து ஏற்றிய கை எரிந்தால்
அம்மாவுக்கு டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்தை ஏற்றியபின் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ஊசி போட்ட கையும் எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிறுநீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்தான், ஓரிரு நாளில் தெளிந்துவிடும். கை எரிச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள், இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கும். முதலில் லேசான சிவப்பும் வீக்கமும்தான் தெரியும். வெந்நீர் ஒத்தடம் கூடாது, தேய்க்கவும் கூடாது. என் அக்காவுக்கு ஏற்றும்போது "சுருக்குனு குத்துது" என்றாள். நர்ஸ் அந்த நொடியே ட்ரிப்பை நிறுத்தியதால் தப்பித்தோம். அம்மாக்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார்கள், அடுத்த முறை வலித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தும் 'போர்ட்' என்ற சிறு கருவியை வைக்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.