நடுவில் ரூட்டர் வேண்டாம், ஸ்விட்ச் போதும்

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கேபிளோடு இணையமும் கொடுக்கிறோம். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுக்கோட்டைக்காரர்கள் மூன்று பேருடன் சேர்ந்து, எங்களுக்குள் போகும் டிராஃபிக்கை இங்கேயே மாற்றிக்கொள்ள ஓர் இணைப்பு மையம் வைக்க யோசனை. இரண்டாம் அடுக்கு ஸ்விட்ச் போதுமா, மூன்றாம் அடுக்கில் பெரிய ரூட்டர் வேண்டுமா? விற்பவர் ரூட்டர்தான் என்கிறார்."

விற்பவர் அப்படித்தான் சொல்வார். ஸ்விட்ச் போதும். அது கருவியின் முகவரியை மட்டும் பார்த்து, வந்ததை உரிய போர்ட்டுக்கு மாற்றிவிடும்; எந்தப் பாதையில் அனுப்புவது என்று ஐபி முகவரி பார்த்து முடிவுசெய்வது ரூட்டர்.

உங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளையே பாருங்கள். வளவு என்னும் நடு முற்றம் பொது; ஆனால் வேறு வைத்த, அதாவது தனிக் குடித்தனமான, புள்ளி (குடும்பம்) ஒவ்வொன்றுக்கும் உலை தனி. ஸ்விட்ச் அந்த வளவு. ரூட்டரும் பிஜிபியும் (ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறை) அவரவர் அறைக்குள். நடுவில் ரூட்டரை வைத்தால் எல்லாருக்கும் ஒரே உலை. யார் பாதையை யாருக்குக் கொடுப்பது என்று அதை நிர்வகிப்பவர் முடிவுசெய்வார். நாளைக்கே ஒருவரோடு பணத் தகராறு வந்தால் அந்த நிர்வாகியிடம் போய் நிற்க வேண்டும். ஸ்விட்ச் என்றால், அந்த ஒருவரோடு இருக்கும் பிஜிபி செஷனை (இரு ரூட்டர்களுக்கு இடையிலான பேச்சை) மட்டும் நீங்களே நிறுத்திவிடலாம்.

ஆனால் வளவில் ஒருவர் குப்பை கொட்டினால் எல்லாருக்கும் நாற்றம். நான் பார்த்த ஓர் இடத்தில், ஒருவர் தன் ஸ்விட்சிலிருந்து இரண்டு கேபிளைக் கொண்டுவந்து இரண்டு போர்ட்டில் செருகிவிட்டார். அனுப்பியதே திரும்பத் திரும்ப லூப்பாகச் சுற்றி அத்தனை பேருக்கும் இணைப்பு படுத்தது. அதனால் ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) என்று பூட்டுங்கள். ஐபிவி4, ஏஆர்பி (ஐபிவி4 முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறியும் முறை), ஐபிவி6 தவிர வேறெந்த ஃபிரேமும் (தரவுப் பொட்டலமும்) உள்ளே வரக் கூடாது. உறுப்பினர் பக்கமிருந்து வரும் ஸ்பானிங் ட்ரீ செய்திகளும் (லூப்பைத் தவிர்க்க ஸ்விட்சுகள் பேசிக்கொள்பவை) வரக் கூடாதவற்றில் அடக்கம். பிராட்காஸ்டுக்கு (எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும் செய்திக்கு) வரம்பு வையுங்கள். அவரவர் ரூட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பியை (மற்றவர் முகவரிக்குத் தானே பதில் சொல்வதை) அணைக்கச் சொல்லுங்கள். மையத்தின் ஐபி தொகுதியை யாரும் வெளியே அறிவிக்கவே கூடாது. அந்தத் தொகுதியையும் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். பின்னால் எல்லாருக்கும் எண் மாற்றுவது பெரிய தலைவலி.

ரூட் சர்வர் (எல்லாருடைய பாதைகளையும் வாங்கி மற்றவர்களுக்குச் சொல்லும் கணினி) வேண்டுமா? இருவருக்கு ஒன்று வீதம் நான்கு பேருக்கு மொத்தம் 6 செஷன்தான், கையாலேயே போட்டுவிடலாம். 20 பேர் ஆனால் 190, அப்போது வையுங்கள். அது பாதைகளை மட்டும் சொல்லும், டிராஃபிக் அதன் வழியே போகாது. எனவே அது நடு ரூட்டர் அல்ல. ஊர்கள் கூடி ஸ்விட்சுகள் பெருகினால் ஈவிபிஎன்-விஎக்ஸ்லானுக்கு (பல ஸ்விட்சுகளை மூன்றாம் அடுக்கின் மேல் ஒரே ஸ்விட்ச் போல இணைக்கும் முறைக்கு) மாறலாம். அப்போது உள்ளே மூன்றாம் அடுக்கு ஓடினாலும் உறுப்பினர் கண்ணுக்குத் தெரிவது அதே வளவுதான்.

சரி, வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். நால்வரிடமும் சொந்த ஏஎஸ் எண்ணும் (பிஜிபியில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்) ஐபியும் இருக்கிறதா? மேலே இருக்கும் நிறுவனம் கொடுத்த ஐபியில் ஓடுகிறவர் முதலில் ஐஆர்ஐஎன்என்னில் (இந்தியாவில் இவற்றை வழங்கும் பதிவகம்) விண்ணப்பிக்கட்டும். அப்புறம், ஒரு வாரத்து டிராஃபிக்கைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குள் போவது சொற்பமாகவும் வீடியோவே பெரும்பங்காகவும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நால்வரும் சேர்ந்து சென்னைக்கு ஒரே லைன் எடுத்து, நிக்ஸி என்ற தேசிய இணைய இணைப்பு நிறுவனத்தின் (2003இல் தொடங்கியது) சென்னை மையத்தில் இணைவதற்கு என்ன ஆகும் என்று அதே தாளில் கணக்குப் போடுங்கள்.