ஆன்டிவைரஸ் இருந்தால் ரான்சம்வேருக்குப் பயப்பட வேண்டாமா?

"வீட்டுக் கணினியில் குடும்பப் படங்களும் கடையின் டேலி கணக்கும் இருக்கின்றன. ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன், போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ரான்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் கெட்ட நிரல். அதற்கு எதிராகக் கணினியிலிருந்து கழற்றி வைத்த ஒரு நகல் கட்டாயம் வேண்டும்.

கழற்றி வைப்பதுதான் இதில் முக்கியம். கணினி சர்வீஸ் வேலைக்காக ஸ்டுடியோ, டிடிபி சென்டர் என்று பல இடங்களுக்குப் போகிறேன். பேக்கப் டிஸ்க் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது. ஆனால் இரவும் பகலும் சிபியூவில் செருகியபடியே கிடக்கிறது. ரான்சம்வேர் உங்கள் சி டிரைவ், பேக்கப் டிரைவ் என்றெல்லாம் பிரித்துப் பார்க்காது. எழுத முடிகிற இடத்தையெல்லாம் பூட்டிவிடும். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளையும் பெரும்பாலும் அழித்துவிடும். கணினியோடு ஒத்திசைந்த கூகுள் டிரைவுக்கும் பூட்டிய கோப்பே போய்ச் சேரும்.

அதனால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்றில், மறுவாரம் இன்னொன்றில் நகல் எடுத்து, முடிந்த கையோடு கழற்றி பீரோவில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எடுத்தது திறக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்: நாலைந்து படங்களைத் திறந்து, டேலி பேக்கப்பை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்த்தால் போதும்.

அப்புறம், ரான்சம்வேர் உள்ளே வரும் வழி. வீட்டுக் கணினிகளை அதிகம் பிடித்தது ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம். காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்ட ஃபோட்டோஷாப் கிராக், கீஜென் என்று இலவசமாக இறக்குகிறோமே, அதில்தான் ஒளிந்து வரும். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அந்தத் தளமே சொல்லும், நாமும் அணைப்போம். பிறகு ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால் முளைத்திருக்கும். கூடவே பணம் கேட்டு ஒரு ரீட்மீ கோப்பு: பல ஆண்டுகள் அதில் இருந்தது 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. கிராக் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். படம் திருத்த கிம்ப் இருக்கிறது, இலவசம்தான்.

விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வைக்காதீர்கள். 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' என்று ஒன்று அணைந்தே இருக்கும். அதை இயக்கினால் முன்பின் தெரியாத நிரல்கள் உங்கள் படங்களிலும் ஆவணங்களிலும் கைவைக்க முடியாது.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் உடனே நெட்டைத் துண்டித்து, செருகியிருக்கும் டிஸ்க்குகளைப் பிடுங்குங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் சாவி வரும் என்று உறுதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டிய கோப்பு ஒன்றிரண்டை ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். சாவி கிடைத்த வகைகளுக்குத் திறக்கும் கருவியும் அங்கே இலவசம். இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். அதனால் சர்வீஸ் கடையில் ஃபார்மட் போடச் சொல்லும் முன், பூட்டிய கோப்புகளையும் அந்த ரீட்மீயையும் தனி டிஸ்க்கில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.